நின்று பேசும் கூட்டம்

படுத்திருந்தார். நிர்மல் சார் படுத்துக்கொண்டுதான் பேசிக்கொண்டிருந்தார். போன் திரையில் தினமும் ‘என்’ என்கிற ஒற்றை இங்கிலீஷ் எழுத்து வட்டத்துக்குள் நிற்கிற இடத்தில் திடீரென்று ஒரு கூரைக் காத்தாடி சுற்றியது. படம் ஒரு குலுங்கு குலுங்கி, பூப்போட்ட தலையணையும், அதில் கன்னத்தை அழுத்திக் கிடந்த முகமும், தாடிக்குள் ஒட்டியிருந்த தோசைத் துணுக்கும் வந்தன. “சார், கேமரா ஆன்ல இருக்கு” என்றான் அஸ்லம். “அய்யய்யோ” என்று ஒரு சிரிப்பு. உடனே எல்லாம் மறைந்து ‘என்’ வந்து நின்றது. “நீங்க மட்டுமா சார், நானும் இன்னும் போர்வைக்குள்ளதான்” என்று ஹரிணி சொல்ல, “நான் பரவால்ல, சேர்ல சம்மணம் போட்டு உக்காந்திருக்கேன்” என்று அஸ்லம் சொல்ல, சென்னையில் மூன்று வீட்டில் மூன்று பேர் சிரித்தார்கள். குருலட்சுமி சிரிக்கவில்லை. அவள் நின்றுகொண்டிருந்தாள். கொல்லைப்புறத்தில், சிமெண்ட் தொட்டிக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே, வீட்டிலேயே சிக்னல் இரண்டு கோடு காட்டுகிற ஒரே இடத்தில், சோப்பு டப்பா வைக்கிற மாடக்குழியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒன்பது மாதப் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். அஞ்சு மாசமாக நிற்கிறாள். சனி ஞாயிறு கழித்து நூற்று நாலு நாள். நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு போட்டிருக்கிறாள், பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு மாதிரி. படுத்துக்கிட்டு. தோசையைத் தின்னுக்கிட்டு. படுத்துக்கிட்டு.

மதுரையில் அந்தக் கண்ணாடி போட்ட அம்மா என்ன சொல்லிக் கொடுத்தார்? போனில் தண்ணீர்ச் சேதி அனுப்புகிற ஏற்பாட்டைச் சென்னைக்காரர்களோடு சேர்ந்து செய்ய இரண்டு நாள் பயிற்சி. முதல் நாள் காலையில் அவள் கைக்குழந்தையோடு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். முன்னால் எல்லாம் காலேஜ் முடித்த பிள்ளைகள். பலகையில் நாலு கோடு கிழித்து, ‘செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, சோதிப்பது, முடிந்தது’ என்று எழுதி, வேலைகளைச் சின்னச் சின்ன அட்டையாக்கி இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்குத் தள்ளிக்கொண்டே போகணும் என்று அவர் சொன்னபோது, இது தெரியாததா என்றிருந்தது அவளுக்கு. கல்யாண வீட்டுச் சமையல்கட்டிலும் இதுதானே, நறுக்க வேண்டியது, நறுக்குகிறது, அடுப்பில் கிடப்பது, இறக்கினது. உப்புப் பார்க்காமல் எவளாவது இறக்குவாளா. அதைச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அப்புறம்தான் அந்த அம்மா தினசரிக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். “காலைல பத்து மணிக்கு, பதினஞ்சு நிமிஷம். எல்லாரும் நின்னுக்கிட்டேதான் பேசணும். உக்காந்தா பேச்சு நீண்டுகிட்டே போகும். கால் வலிக்கிற நினைப்பு இருந்தாத்தான் ஆளு சுருக்கமாப் பேசுவான்.” நேற்று என்ன செய்தேன், இன்றைக்கு என்ன செய்யப் போகிறேன், எதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், மூன்றே கேள்வி. குருலட்சுமி அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள். நின்னுக்கிட்டே. அப்போது பிள்ளைக்கு நாலாவது மாசம், வயிற்றுத் தையலுக்குள் ஒரு கயிற்றைக் கட்டி யாரோ கீழே இழுக்கிற மாதிரி இருக்கும். கூட்டம் தொடங்கிய மூன்றாவது நாளே உட்காரணும்போல இருந்தது. பக்கத்திலேயே கவிழ்த்துப் போட்ட வாளி கிடந்தது. கேமரா கிடையாது, யாருக்குத் தெரியப் போகிறது. ஆனால் மற்ற மூன்று பேரும் நிற்கையில் நாம் மட்டும் உட்காருவது சோற்றுப் பந்தியில் இரண்டு இலை போட்டு உட்காருகிற மாதிரி அவளுக்குக் கூசியது. நின்றாள். நிர்மல் சார் அங்கே பாவம் எவ்வளவு நேரம் நிற்கிறாரோ என்றுகூட நினைத்திருக்கிறாள். பாவமாம். ஒரு நாள் கூட்டம் நாற்பது நிமிஷம் நீண்டபோது, ஐயோ சாருக்குக் கால் வலிக்குமே என்று. அதை நினைக்க நினைக்கக் காது மடல் கொதித்தது. பிள்ளை அவள் தாலிக்கயிற்றை வாயில் போட்டுச் சப்பியது. இழுக்காதடி.

“ஹரிணி, நீ சொல்லு” என்றார் நிர்மல் சார். ஹரிணி நேற்று நிறம் மாற்றினாளாம். திங்கட்கிழமைத் திறப்பு விழாவுக்கு போனில் வரும் முகப்புப் படத்தில் தண்ணீர்க் குழாயின் நீலம் இன்னும் கொஞ்சம் வெளிறலாக வேண்டும் என்று பணம் கொடுக்கிற தொண்டு நிறுவனத்தில் கேட்டார்களாம். நீலம். குழாயில் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தடவை வருகிற ஊருக்கு நீலம் வெளிறலாக இருந்தால் என்ன, அடர்த்தியாக இருந்தால் என்ன. எட்டு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் இந்த மணி என்று கிடையாது. விடியக்காலமும் வரும், மத்தியானமும் வரும், ஒன்றரை மணி நேரம் வந்துவிட்டு நின்றுவிடும். அன்றைக்கு வீட்டுக்கு ஒரு பொம்பளை வேலைக்குப் போகாமல் குடத்தை வரிசை வைத்துக் காத்துக் கிடக்கணும். அவளே அப்படித்தான் கிடந்தாள். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போக, மூத்தவளான அவள் வீட்டில். ஒன்பதாங் கிளாஸ் காலாண்டுக் கணக்குப் பரீட்சை அன்றைக்குக் காலை ஒன்பதரைக்குக் குழாய் சீறியது. கடைசிக் குடத்தை இறக்கிவிட்டு ஈரப் பாவாடையோடு ஓடினாள். வாசலில் டீச்சர் கடிகாரத்தைக் காட்டினார், அவள் திரும்பி வந்துவிட்டாள். தண்ணி வந்துச்சு டீச்சர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன. அந்த ஒரு வார்த்தை தொண்டையில் இங்கே, இந்தக் குழியில் நின்றது, இன்னும் நிற்கிறது. அதனால்தான், தண்ணீர் திறந்ததும் தெருப் பொம்பளைகள் எல்லாருக்கும் போனில் சேதி போகிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்யப் போகிறோம், மகளிர் குழுக் கூட்டமைப்புச் சார்பாக அந்த வேலையைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும் என்று தலைவி ஜெபமணி அக்கா கூட்டத்தில் கேட்டபோது அவளுக்குப் போகணும்போல இருந்தது. கை தூக்கவில்லை. அக்காவே அவளைக் காட்டினார். “குரு போகட்டும். போனை நல்லா நோண்டுவா. வாயாடிகளை அனுப்பினா சென்னைக்காரங்களோட சண்டை இழுத்து வச்சிருவாளுக. இது ஊமைப் பிள்ளை, சொன்னதுக்குத் தலையாட்டும்.” எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். வீட்டுக்காரர் மாரிச்சாமி லாரியிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் “உன் பத்து மணி பஜனை முடிஞ்சுதா?” என்பார், அதற்கும் சிரிப்பாள். என்ன சிரிப்பு அது. ஊமை என்று பொறுக்கித்தான் எடுத்திருக்கிறார்கள். கறிகாய்க்காரனிடம் சொத்தையாகப் பார்த்துப் போடு என்று கேட்டு வாங்கின மாதிரி.

இடுப்பு மாற்றினாள். வலது பக்கம் வைத்தால் தையல் இழுக்கும், இடது பக்கம் வைத்தால் பிள்ளை போனைப் பார்த்துவிட்டுத் தாவும். இடதே. அஸ்லம் பேச ஆரம்பித்திருந்தான். நல்ல பிள்ளைதான் அஸ்லம், அவளை ‘அக்கா’ என்பான், தமிழில் எழுதிய குறிப்பை அவன் ஒருத்தன்தான் படிப்பான். அவன் குரலைக் கேட்டதும் மூன்று வாரத்துக்கு முந்தைய அந்த வியாழக்கிழமை வந்துவிட்டது, கூப்பிடாமலே வருகிறது, பாத்திரம் விளக்கும்போது வருகிறது, பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது வருகிறது. அன்றைக்கும் இதே இடம், இதே வெயில் தொட்டி விளிம்பில். அஸ்லம் கேட்டான்: “நிஜ நம்பர்களுக்கே நாளைக்கு ஒரு டெஸ்ட் அனுப்பிப் பார்த்துரலாமா?” நிர்மல் சார் கேட்டார்: “மேடம், ஓகேதானே?” அவளுக்கு விளங்கவில்லை. இல்லை. விளங்காமல் போகவில்லை. ஊரில் கேட்டவர்களிடம் எல்லாம் எனக்கு விளங்கலை என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறாள்; ஆனால் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் விளங்கிவிட்டது. நிஜ நம்பர் என்றால் இந்தத் தெருச் சொர்ணம் மதினி நம்பர். தீப்பெட்டி ஆபீசில் நிற்கிற இருநூறு பொம்பளைகளின் நம்பர். கட்டைவிரல் அந்த மைக் படத்துக்கு மேலேயே இருந்தது, தொட்டால் போதும். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது, சார் என்பதா, குரல் கீச்சென்று வந்தால், நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால், அந்த ஹரிணி சிரித்தால். “மேடம் சைலன்ட், அப்போ ஓகே” என்றார் நிர்மல் சார். பேச்சு தாண்டிப் போயிருச்சு என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தாண்டவில்லை. கட்டைவிரல்தான் இறங்கவில்லை. மறுநாள் பதினொரு மணிக்கு, ‘உங்கள் தெருவில் தண்ணீர் திறக்கப்பட்டுள்ளது’ என்று இருநூற்றுச் சொச்சம் போனில் மணி அடித்தது. பட்டன் போனுக்கும் அன்றைக்கு எழுத்தாகத்தான் போனது, படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் காட்டிக் கேட்டார்கள்.

ஓடி வந்தார்கள். குச்சியைப் போட்டது போட்டபடி, தலையில் முக்காடோடு, செருப்பு இல்லாமல், ரயில்வே கேட்டைத் தாண்டி. குழாயைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று. சொர்ணம் மதினி ஜல்லியில் விழுந்து எழுந்து வந்திருந்தார். முழங்காலில் இருந்து பாதம் வரைக்கும் ரத்தம் ஒரு கோடாக இறங்கியிருந்தது. நேராகக் குருலட்சுமி வீட்டு வாசலுக்குத்தான் வந்தார், பின்னாலேயே தெரு. “ஏ குரு, நாங்க அம்புட்டுப் பேரும் ஓடி வந்தோம், நீ எங்கடி ஓடுன? தெனம் அவன்களோட கொஞ்சிக் கொஞ்சிப் பேசுறியே, பொய்யா மணி அடிக்கப் போறான்னு உனக்குத் தெரியாதா?” “தெரியாது மதினி.” “வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? கேக்க வேண்டியதுதானே?” “தெரியாது மதினி.” இரண்டு தடவை சொன்னாள். அன்றைக்கு அரை நாள் கூலி போனதோடு, மேஸ்திரி எல்லாரையும் நிறுத்தி வைத்துக் கேலி செய்தானாம், ‘தண்ணி வந்துச்சா தாயி, குளிச்சிட்டு வந்தியா’ என்று. அதற்குப் பிறகு மதினி பேசவில்லை. எதிரே வந்தால் பார்வை அவளுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். நிர்மல் சாரோ அடுத்த கூட்டத்தில் “சின்ன சொதப்பல், பரவால்ல, சேதி போகுதுன்னாவது கன்ஃபர்ம் ஆச்சு” என்றார். சின்ன. படுத்துக்கொண்டுதான் சொல்லியிருப்பார். தலையணையில் கன்னத்தை வைத்துக்கொண்டு. ரத்தம் கோடாக இறங்கினது இங்கே, கன்னம் மெத்தையில் அங்கே. அவள் அன்றைக்கும் நின்றுகொண்டு “சரிங்க” என்றாள். சரிங்க. நூற்று நாலு நாளில் அவள் சொன்னதை எல்லாம் சேர்த்தால் ஒரு கைப்பிடி சரிங்க தேறும். யார் மேல் கோபம்? அவர் மேலா? படுத்திருக்கிறவன் படுத்திருக்கிறான், நீ ஏண்டி நின்ன? ஒரு நாள், ஒரே ஒரு நாள், சார் எல்லாரும் நிக்கிறீங்களா என்று கேட்டிருந்தால்.

“பட்டன் போனுக்கான குரல் அழைப்பு வேலை செய்யுது சார்” என்று அஸ்லம் சொல்லிக்கொண்டிருந்தான். “கிட்டத்தட்ட. சில நெட்வொர்க்ல போகல. அக்கா ஒரு குறிப்பு போட்டிருக்காங்க, அதப் பார்க்கணும்.” “அது அப்புறம் பார்த்துக்கலாம்பா” என்றார் நிர்மல் சார். “திங்கட்கிழமை பெரிய அதிகாரி வர்றார். எல்லா அட்டையும் முடிஞ்ச வரிசைல இருக்கணும்.” குருலட்சுமி நோட்டை எடுத்தாள், பிள்ளையின் தொடைக்கும் தன் விலாவுக்கும் நடுவே அதை எப்போதும் செருகி வைத்திருப்பாள், அட்டை முழுக்க எச்சில். தொடு போன் வைத்திருக்கிறவர்களுக்குச் சேதி எழுத்தாக வரும். பட்டன் போன் வைத்திருக்கிறவர்களுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது, அதனால் போன் அடித்து, ஒரு குரல் ‘தண்ணீர் வந்திருச்சு’ என்று சொல்லணும். இதை அவள்தான் முதல் வாரமே ஜெபமணி அக்கா மூலமாகக் கேட்டு வாங்கினாள். கேட்டு வாங்கின ஒரே விஷயம். அதைத்தான் முந்தாநாள் வீடு வீடாகப் போய்ச் சோதித்தாள், பதினோரு பட்டன் போன். அஸ்லம் சோதனை அழைப்பை அனுப்ப, ஒவ்வொரு வாசலிலும் அரைமணி நேரம் காத்திருந்தாள். மதினி வீட்டு வாசலுக்குப் போக இரண்டு தெரு சுற்றிக்கொண்டு கடைசியாகத்தான் போனாள். மதினி போனைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தப் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், ரப்பர் வளையம் போட்டு மூடியைக் கட்டி வைத்த போன், ஐந்தாம் எண் தேய்ந்து வெள்ளையாகிப்போனது. அடிடா. அடிச்சுரு. ஒரு தடவை. உள்ளேயிருந்து அரிசி புடைக்கிற சத்தம் நின்றது. “அடிக்காது” என்றது மதினியின் குரல். “எனக்குத் தெரியும். உனக்குத்தான் எதுவும் தெரியாதே.” அடிக்கவில்லை. பதினொன்றில் மூன்றுதான் அடித்தது. எட்டுக்கு அடிக்கவில்லை. அந்த எட்டுப் பேரும் திங்கட்கிழமை திறப்பு விழாவில் கைதட்டிவிட்டு, இனிமேல் போன் அடிக்கும் என்று நம்பி வேலைக்குப் போவார்கள். குழாய் வந்து நிற்கும். போன் அடிக்காது. அப்புறம் எட்டு நாள். எட்டு நாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவில் கெஞ்சணும். எந்த வீட்டிலாவது ஒரு மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் மறுபடியும் குடத்துக்குப் பக்கத்தில் உட்காரும்.

தொண்டைக்குழியில் அது வந்து நின்றது. டீச்சர் கடிகாரத்தைக் காட்டின அன்றைக்கு நின்ற அதே இடம். மூச்சு அதன் ஓரமாக இடுக்கிக்கொண்டு போய் வந்தது. பிள்ளை சிணுங்கி, மாராப்பைப் பிடித்து இழுத்து, முகத்தை உள்ளே புதைத்துத் தானே தேடி எடுத்துக்கொண்டது. இரண்டு பல் முளைத்திருக்கிறது, சுருக்கென்றது. கடி, நல்லாக் கடி. மதுரையில் அந்த அம்மா இன்னொன்றும் சொன்னாரே, அதற்கும் அடிக்கோடு போட்டிருக்கிறாள், நோட்டைத் திருப்பிப் பார்த்தாள், எச்சிலில் ஊறின மூன்றாம் பக்கம். ‘முடிந்தது என்கிற வரிசைக்கு அட்டையைத் தள்ளுகிற உரிமை மக்கள் பக்கத்து ஆளுக்கு மட்டும்.’ மட்டும் என்பதற்குக் கீழே இரண்டு கோடு. அந்த ஆள் அவள்தான். இத்தனை நாளும் யார் தள்ளினது? “உங்களுக்கு எதுக்கு சிரமம், நானே தள்ளிட்டேன் மேடம்” என்பார் நிர்மல் சார். சிரமமாம். நூற்று நாலு நாள் நிற்கிறது சிரமம் இல்லை, விரலால் ஒரு அட்டையைத் தள்ளுகிறதுதான் சிரமம். உப்புப் பார்க்க வேண்டியவளை அடுப்புக்குப் பின்னால் நிறுத்தி வைத்துவிட்டுப் பந்தி பரிமாறுகிறார்கள், அதுவும் படுத்துக்கொண்டே.

“சரி, கடைசியா மேடம்” என்றார் நிர்மல் சார். வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தார். “மேடம், குரல் அழைப்பு ஓகேதானே?” திரையில் பலகை விரிந்திருந்தது. குரல் அழைப்பு அட்டை ‘சோதிப்பது’ வரிசையில் நின்றது. கட்டைவிரல் மைக் படத்துக்கு மேலே வந்துவிட்டது, இது அதே விரல், அதே இடம், குரல் கீச்சென்று வரும், வரட்டும், சிரிப்பார்கள், சிரிக்கட்டும், தப்பாகச் சொல்லிவிட்டால், எதைத் தப்பாகச் சொல்ல, பதினொன்றில் மூன்று, இதில் என்ன தப்பு, ஜெபமணி அக்கா திட்டுவார், சண்டை இழுத்துட்டியே என்பார், திறப்பு விழா நின்றுபோகும், ஊமைப் பிள்ளை என்றுதானே அனுப்பினோம் என்பார், தெரியாது மதினி, தெரியாது மதினி. “மேடம் சைலன்ட்” என்றார் நிர்மல் சார். “அப்போ ஓகே. அஸ்லம், முடிஞ்சதுல போட்டுரு.” அட்டை மெதுவாக வலப்பக்கம் நகர்ந்தது. அவள் கண் முன்னாலேயே. விரல் இறங்கியது.

“சார்.” கீச்சென்றுதான் வந்தது. “ஆங், மேடம்! லைன்ல இருக்கீங்களா? சொல்லுங்க.” “எந்திரிங்க சார்.” “என்னம்மா? சரியாக் கேக்கல.” “எந்திரிச்சு நில்லுங்க. அஸ்லம் தம்பி, ஹரிணிம்மா, நீங்களுந்தான். இது நின்னு பேசுற கூட்டம்னுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாக.” யாரோ க்ளுக்கென்று சிரித்து, சிரிப்பை முழுங்கினார்கள். “மேடம், அது சும்மா ஒரு பேருக்குச் சொல்றது. யாரும் நிக்க மாட்டாங்க.” “நான் நின்னேன் சார். நூத்தி நாலு நாள். தையல் போட்ட வயித்தோட, பிள்ளையத் தூக்கிக்கிட்டு. இன்னைக்கு நீங்க நில்லுங்க.” குரல் இப்போது கீச்சென்று இல்லை, யாருடையது என்று அவளுக்கே தெரியவில்லை. காக்கை ஒன்று தொட்டி விளிம்பில் வந்து உட்கார்ந்து, தண்ணீர் இல்லை என்று பார்த்துவிட்டுப் போனது. பிறகு ஒரு நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் முட்டுகிற சத்தம் கேட்டது. அஸ்லம். “நின்னுட்டேன் அக்கா.” ஒரு போர்வை உதறுகிற சத்தம். கடைசியாக, நிதானமாக, ஒரு கட்டில் கிறீச்சிட்டது. நூற்று நாலு நாளில் அவள் ஒரு தடவைகூடக் கேட்காத சத்தம் அது. குருலட்சுமி கவிழ்ந்து கிடந்த வாளியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தையல் தளர்ந்தது. பிள்ளை விடாமல் குடித்துக்கொண்டிருந்தது. சுட்டுவிரலால் அந்த அட்டையைத் தொட்டு, வந்த வழியே இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் ‘சோதிப்பது’ வரிசையில் நிறுத்தினாள். நோட்டை மடியில் விரித்தாள்.

“பதினோரு போன்ல மூணுதான் அடிச்சுச்சு. அடிக்காத எட்டுப் பேரோட பேரையும் வாசிக்கப் போறேன். முடிக்கிற வரைக்கும் யாரும் உக்காராதீங்க. மொத ஆளு, சொர்ணத்தாய். உங்க பொய் மணியக் கேட்டு ஓடி வந்து முழங்காலப் பேத்துக்கிட்டவுக. அன்னைக்கு நீங்க கேட்டது எனக்கு வெளங்குச்சு சார். நான்தான் வாயத் தொறக்கல.” மூச்சு இப்போது ஓரமாக இல்லாமல் நடுவிலேயே போய் வந்தது. அந்தப் பக்கத்தில் யாரோ கால் மாற்றி நிற்பது கேட்டது. நிற்கட்டும் என்று அவள் நிதானமாகப் பக்கத்தைத் திருப்பினாள், இரண்டாவது பேருக்கு.